சிறார் விருந்தில் செப்படி வித்தை

கைவிரைவினாற் கண்ணை ஏய்க்கும் கலைக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் செப்படி வித்தை. செப்பு என்றால் சிறிய சிமிழ். சில சிமிழ்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் கீழே சிறு உருண்டைகளை மறைத்தும், தோற்றியும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியும் காட்டுவது அவ்வித்தை. இதனைப் போன்றதொன்று பழைய உரோமாபுரியிலும் இருந்தது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செனெக்கா என்னும் தத்துவ அறிஞர், தம் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றிலே வித்தைக்காரரின் கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் எடுத்துக் காட்டுகிறார். அந்த ஏமாற்றே தமக்கு இன்பம் தருவதென்றும், செய்யும் வகை தெரிந்துவிட்டால் அதிலுள்ள நாட்டம் அற்றுவிடுமென்றும் அவர் குறிப்பிடுகிறார்.

ஏமாறுவது எவருக்கும் விருப்பமான செயலன்று. கடைக்காரர் நிறையிலே ஏய்த்தாற் சினம் பிறக்கிறது. நண்பர் சொல்லிலே ஏய்த்தால் மனம் புண்படுகிறது. ஆயினும் வித்தைக்காரர் ஏய்க்கும்போது மட்டும் முகம் மலர்கிறது. ஏன்? அவர், ‘உங்களை ஏய்க்கப் போகிறேன்’ என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ஏய்க்கிறார். அவருக்கும் சபைக்குமிடையே ஓர் உடன்படிக்கை இருக்கிறது. வளர்ந்தோர் அந்த உடன்படிக்கையை எளிதில் அறிவர். எதிரே இருப்போர் ஆறு வயதும் ஏழு வயதும் நிரம்பிய சிறார்களாயின் அவ்வுடன்படிக்கையைக் காப்பது எங்ஙனம்? சிறார் விருந்துகளில் நகைச்சுவையோடு மாயவித்தை காட்டுவோர் அனைவரும் விடை காணவேண்டிய கேள்வி இது.

இக்கலை செழித்து வளர்ந்த நாடுகளுள் இங்கிலாந்து முதன்மையானது. அங்கே பிறந்தநாள் விருந்திலும் நத்தார் விருந்திலும் சிறார்க்கு வித்தை காட்டுவது நெடுநாள் வழக்கம். அவ்வாறு காட்டியோருள் ஒருவர் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்பது நேயர்களுட் பலருக்கு வியப்பளிக்கலாம். 1842 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் வித்தைக்காரர் ஒருவரின் சாமான்கள் முழுவதையும் விலைக்கு வாங்கினார். தம் மூத்த மகனின் பிறந்தநாளாகிய சனவரி 6 ஆம் நாளை முன்னிட்டே அவற்றை வாங்கினார். பின்னர் நண்பர் வீட்டுச் சிறார்களுக்கும் வித்தை காட்டலானார்.

1843 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், மக்ரெடி என்னும் புகழ்பெற்ற நடிகரின் இல்லத்தில் அவருடைய மகளின் பிறந்தநாள் விருந்து நடந்தது. மக்ரெடி அப்பொழுது அமெரிக்காவில் நாடகங்கள் நடித்துக்கொண்டிருந்தார். தந்தை அருகில் இல்லாத வீட்டிலே அவருடைய குழந்தைகளை மகிழ்விக்கும் பொறுப்பை டிக்கன்ஸ் ஏற்றார். அவருடைய நண்பரும், பிற்காலத்தில் அவர் வரலாற்றை எழுதியவருமாகிய ஜோன் போஸ்டர் உதவியாளராக நின்றார். விருந்தினர் ஒருவரின் தொப்பியைக் கடனாகப் பெற்று, அதனுள்ளே பச்சை முட்டையையும் மாவையும் இட்டு, ஒரு நிமிட நேரத்தில் ஆவி பறக்கும் புடிங் ஒன்றை டிக்கன்ஸ் வெளியே எடுத்தார். தவிடு நிரம்பிய பெட்டியை உயிருள்ள கினிப்பன்றியாக மாற்றிக் காட்டினார். அந்த விருந்திலே இருந்த அறிஞர் கார்லைலின் மனைவியார் ஜேன், தாம் கண்ட வித்தைக்காரர் அனைவரினும் டிக்கன்ஸே சிறந்தவர் எனத் தம் உறவினருக்கு எழுதிய கடிதத்திற் பாராட்டினார்.

அந்த டிக்கன்ஸ் யார்? பன்னிரண்டு வயதிலே தந்தை கடனுக்காகச் சிறைப்பட, தாம் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையிற் போத்தல்களுக்குக் காகிதம் ஒட்டிக் கூலி பெற்றவர். தமக்குக் கிடையாத குழந்தைப் பருவத்தைப் பிறர் குழந்தைகளுக்கு அளிப்பதில் அவர் இன்பங் கண்டார் போலும். தம்முடைய நத்தார்க் கதை நூல் அச்சாகி வெளிவந்த அதே மாதத்தில், வேலைப் பளுவின் நடுவே, தொப்பிக்குள்ளே புடிங் சமைத்துக் காட்ட அவர் நேரம் ஒதுக்கினார் என்பது எண்ணத் தக்கது.

பின்னர் இக்கலை நூல்வடிவம் பெற்றது. 1876 ஆம் ஆண்டில் ‘பேராசிரியர் ஹொவ்மன்’ என்ற புனைபெயரில் ஏஞ்சலோ லூயிஸ் என்னும் சட்டத்தரணி எழுதிய பெருநூல், வித்தைகளை ஒழுங்குபடுத்திக் கற்பித்தது. 1905 ஆம் ஆண்டில் இலண்டனில் மாயவித்தைக்காரர் சங்கம் நிறுவப்பட்டது. இரகசியங்களை வெளியிடாதிருத்தல் அச்சங்கத்தின் குறிக்கோள் வாக்கியத்தின் பொருளாகும். வித்தைச் சாமான்களைச் செய்து விற்கும் தொழிலும் இவற்றோடு வளர்ந்தது. அச்சாமான்களுட் சில, சிறார் விருந்துகளுக்கென்றே அமைந்தவை. தலைமுறை தலைமுறையாக அவை மாறாமல் இருந்துவருகின்றன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே நோக்குவோம்.

முதலாவது, உடையும் மந்திரக்கோல். பார்வைக்குக் கறுப்பு வண்ணமும் வெள்ளை நுனிகளும் கொண்ட சாதாரணக் கோல். வித்தைக்காரர் அதனைக் கையில் வைத்திருக்கும்போது நேராக நிற்கிறது. உதவிக்கு வந்த சிறுவனிடம் கொடுத்தவுடன், துண்டு துண்டாய்க் கழன்று, நூலிற் கோத்த மணிமாலைபோல் தொங்குகிறது. திருப்பி வாங்கினால் மீண்டும் நேராகிறது. சிறுவனிடம் கொடுத்தால் மறுபடியும் தொங்குகிறது. இதே வகையில், விரித்தவுடன் இதழ்கள் சரிந்து வீழும் விசிறியும் உண்டு.

இரண்டாவது, பகடைப் பெட்டி. இரண்டு அறைகளும், அவற்றுக்குத் தனித்தனிக் கதவுகளும் கொண்ட மரப்பெட்டி அது. பெரிய பகடைக் காய் ஒன்றை ஓர் அறையிலே வைத்து மூடுகிறார். பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்க்கிறார். உள்ளே எதுவோ உருண்டு செல்லும் ஓசை எல்லோர் காதிலும் விழுகிறது. பின்னர் மேலேயுள்ள அறையின் கதவைத் திறந்து, ‘பகடை மறைந்துவிட்டது’ என்று பெருமையோடு கூறுகிறார். சிறார் விடுவார்களா? ‘மற்றக் கதவைத் திறவுங்கள்’ என்று கூவுகிறார்கள். அவரோ பெட்டியை மறுபக்கம் சாய்த்துவிட்டு மற்றக் கதவைத் திறக்கிறார். மீண்டும் ஓசை, மீண்டும் கூச்சல். இறுதியில், ‘இரண்டையும் சேர்த்துத் திறவுங்கள்’ என்ற ஆணை மண்டபத்தை அதிரச் செய்கிறது. இரண்டு கதவுகளும் ஒருங்கே திறக்கப்படுகின்றன. உள்ளே ஒன்றுமில்லை. பகடைக் காய் தூரத்திலிருந்த தொப்பிக்குள்ளிருந்து வெளிப்படுகிறது.

மூன்றாவது, இடம் மாறும் முயல்கள். பலகையிற் செய்த கறுப்பு முயல் ஒன்று, வெள்ளை முயல் ஒன்று. இரண்டையும் தனித்தனி மூடிகளால் மூடித் திறந்தால் அவை இடம் மாறியிருக்கின்றன. மறுபுறத்தில் வேறு நிறம் பூசியிருக்கவேண்டும் எனச் சிறார் உடனே ஊகிக்கிறார்கள். ‘திருப்பிக் காட்டுங்கள்’ என்கிறார்கள். வித்தைக்காரர் காது கேளாதவர்போல் நிற்கிறார். முயலின் முன்புறம் மாறாதபடி மேசையைச் சுற்றித் தாமே நடந்துவந்து, ‘திருப்பியாயிற்றே’ என்கிறார். முயலைத் தலைகீழாகத் திருப்புகிறார். ஆரவாரம் உச்சநிலையை அடைந்தபின், உண்மையாகவே இரண்டையும் திருப்பிக் காட்டுகிறார். ஒன்றன் பின்புறம் சிவப்பு. மற்றொன்றன் பின்புறம் மஞ்சள்.

இவ்வித்தைகளிற் சிறார் அடையும் பெருமகிழ்ச்சிக்குக் காரணம் யாது? பொருள் மறைவதனால் மட்டும் அது விளைவதன்று. மூன்று வயதுக் குழந்தைக்குப் பகடை மறைவது பெரிய வியப்பாகத் தோன்றாது. குழாயைத் திறந்தால் நீர் வருவதும், பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதும் அதற்கு அதே அளவு புதுமையே. எது நடக்கும், எது நடவாது என்ற அறிவு ஓரளவு உறுதிப்பட்ட பின்னரே, நடவாதது நடந்தது என்ற வியப்புப் பிறக்கும். ஆகவே ஐந்து அல்லது ஆறு வயதுக்கு மேற்பட்டோரே இவற்றை நன்கு சுவைக்கின்றனர்.

அவர்களுடைய நகைப்புக்கோ மற்றொரு காரணம் உண்டு. குழந்தையின் நாளாந்த வாழ்க்கையிலே எல்லாம் அறிந்தவர் பெரியவர். ஒன்றும் அறியாதது குழந்தை. வீட்டிலும் வகுப்பிலும் திருத்தப்படுவது குழந்தையே. வித்தை மேடையில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. அங்கே நிற்கும் பெரியவர், கண்ணெதிரே நடப்பதைக் காணாத பேதையாக இருக்கிறார். உண்மையை அறிந்தோர் சிறார்கள். திருத்துவோரும் அவர்கள். வகுப்பிலே வாய் திறவாத குழந்தைகூட அங்கே எழுந்து நின்று, ‘பின்னாலே பாருங்கள்’ என்று கூவுகிறது. ஒரு மணி நேரத்துக்காவது தான் பெரியவரினும் அறிவுடையது என்ற பெருமிதத்தை அக்குழந்தை அடைகிறது.

இதிலே மற்றொரு நன்மையும் அமைந்திருக்கிறது. பெட்டி திறக்கப்பட்டு உள்ளே ஒன்றுமில்லை எனத் தெரியும்போது, சிறாரின் உறுதியான முடிவும் பிழை என்பது வெளிப்படுகிறது. தாம் காதாற் கேட்ட ஓசையே தம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றது என அவர்கள் உணர்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து பிழைவிட்டமையால் எவர்க்கும் நாணமில்லை. பிழையைச் சிரிப்போடு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் கல்விக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஆனால் இதே இடத்தில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. உடையும் மந்திரக்கோலை எண்ணிப் பாருங்கள். கூச்சமுள்ள சிறுவன் ஒருவன் மேடைக்கு அழைக்கப்படுகிறான். வாழ்க்கையில் முதன்முறையாக நாற்பது பேர் அவனை நோக்குகிறார்கள். கோல் அவன் கையிலே துண்டு துண்டாகிறது. மண்டபம் சிரிக்கிறது. அந்தக் கணத்தில் அவன் உள்ளத்திலே எழும் எண்ணம், ‘பெறுமதியான பொருளை நான் உடைத்துவிட்டேன்’ என்பதே. அவன் முகம் வாடுவதைச் சபை கவனியாமல் இருக்கலாம். வித்தைக்காரர் கவனியாதிருத்தல் ஆகாது. அடுத்த நொடியில் அவர் எவரைக் குற்றவாளியாக்குகிறார் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. ‘என்ன தம்பி, உடைத்துவிட்டாயே’ என்று உறுக்கிவிட்டு அதனோடு நிறுத்துபவர், நாற்பது பேரின் சிரிப்பை ஒரு குழந்தையின் கண்ணீரால் வாங்குகிறார். நல்ல வித்தைக்காரரோ கோலைத் திருப்பி வாங்கித் தாமே விழிக்கிறார். தம் கையிலும் அது தொங்கிவிட்டதைக் கண்டு தடுமாறுகிறார். முடிவிற் சிறுவன் ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னவுடன் கோல் நிமிர்கிறது. சிரிப்பு வித்தைக்காரருக்கு. கைதட்டல் சிறுவனுக்கு.

இந்த நுட்பத்தை நன்கு அறிந்தவர் டேவிட் டெவன்ட் என்பவர். 1868 ஆம் ஆண்டிற் பிறந்து 1941 ஆம் ஆண்டில் மறைந்த இவர், இலண்டன் மாயவித்தைக்காரர் சங்கத்தின் முதலாவது தலைவர். 1912 ஆம் ஆண்டில் அரசரும் அரசியாரும் முன்னிலை வகிக்க, இலண்டன் பலஸ் அரங்கிலே நடைபெற்ற கலைவிழாவில் வித்தை காட்டும் பேறு பெற்றவர். இவருடைய புகழ்பெற்ற வித்தைகளுள் ஒன்றுக்கு வேண்டியவை ஒரு தொப்பி, சில முட்டைகள், ஒரு சிறுமி, ஒரு சிறுவன் ஆகியவையே. வெறுந் தொப்பியிலிருந்து முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவர் சிறுமியிடம் கொடுக்கச் சிறுமி சிறுவனிடம் கொடுக்கிறாள். சிறுவன் அவற்றை மார்போடு அணைத்துக்கொள்கிறான். முட்டைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. கைகள் நிரம்புகின்றன. ஒன்று நழுவி உடைகிறது. அதனைக் காக்கக் குனிந்தால் வேறு இரண்டு நழுவுகின்றன. சபையோர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

கொடிய ஒருவர் கையில் இவ்வித்தை அச்சிறுவனை ஏளனம் செய்வதாக முடிந்திருக்கக்கூடும். டெவன்ட் அதனை அவ்வாறு ஆக்கவில்லை. எல்லாம் அன்பினாலே நடைபெறுவது என்பது அவர் மேடையில் வழங்கிய வாசகம். அச்சொற்களை மக்கள் வேடிக்கையாக நினைவிற் கொண்டனர். எனினும் அவற்றிலே கலையின் இலக்கணமொன்று அடங்கியிருந்தது. முட்டை ஏந்தி நிற்கும் சிறுவனைக் கண்டு சபை சிரிப்பது, அவன் மடையன் என்பதனாலன்று. தாங்கவியலாத பொறுப்பைத் தாங்க முயலும் மனிதனின் நிலையை அவனிலே ஒவ்வொருவரும் காண்பதனால்.

பிழைவிடுவது போல் நடிப்பதைத் தம் வாழ்நாட் கலையாக்கியவர் டொமி கூப்பர். வேல்ஸ் நாட்டில் 1921 ஆம் ஆண்டிற் பிறந்தவர். எட்டு வயதிலே உறவினர் ஒருவர் பரிசளித்த வித்தைப் பெட்டியே அவருக்கு வழிகாட்டியது. இளமையில் அவர் சபையின் முன் காட்டிய வித்தையொன்று பிழைத்துப்போக, சபையோர் சிரித்தனர் என்றும், அச்சிரிப்பே அவர் பாதையை வகுத்தது என்றும் கூறுவர். இரண்டாம் உலகப் போரின்போது எகிப்திற் கிடைத்த சிவந்த துருக்கித் தொப்பி பின்னர் அவரது அடையாளமாயிற்று. அவருடைய வித்தைகள் பெரும்பாலும் தோல்வியடையும். ஆயினும் அவர் கைத்திறன் குறைந்தவரல்லர். மாயவித்தைக்காரர் சங்கத்தின் உறுப்பினர். சரியாகச் செய்யத் தெரிந்தவராலேயே சரியான வேளையிற் பிழையாகச் செய்யவும் இயலும்.

1984 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15 ஆம் நாள், தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்ட நிகழ்ச்சியொன்றில், இலண்டன் அரங்கொன்றின் மேடையில் மாரடைப்பால் அவர் சரிந்து வீழ்ந்தார். அதுவும் அவருடைய வேடிக்கைகளுள் ஒன்று என்றெண்ணிச் சபையோர் சிரித்தனர். பிழைவிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் இறுதி வீழ்ச்சியையும் மக்கள் நடிப்பென்று நம்பினர். பிறர்மேற் சிரிப்பை ஏவாது, வாழ்நாள் முழுவதும் அதனைத் தம்மேலேயே ஏற்றுக்கொண்ட மனிதரின் முடிவு அது.

நகைச்சுவை வித்தையின் பயன் விருந்து மண்டபத்தோடு முடிவதில்லை. 1584 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்கொட் என்பவர் ஒரு நூலை வெளியிட்டார். சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பெண்களைத் தூக்கிலிட்ட காலம் அது. அவ்வாறு குற்றஞ்சாட்டப்பட்டோரில் ஏழைகளும் முதியோரும் பலர். அக்குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை என நிறுவுவதே ஸ்கொட்டின் நோக்கம். அதன்பொருட்டு அவர் தம் நூலின் ஒரு பகுதியில், கையிலே கத்தி ஊடுருவியது போலக் காட்டுதல் முதலிய செப்படி வித்தைகள் செய்யப்படும் வகையை விளக்கினார். அற்புதமெனத் தோன்றுவது கைத்திறனாலும் கருவியாலும் நிகழலாம் என்று மக்கள் உணர்ந்தால், அப்பாவிகள்மீது பழி சுமத்தத் தயங்குவார்கள் என அவர் நம்பினார். வித்தை இரகசியங்களை விளக்கிய பழைய ஆங்கில நூல்களுள் முதலிடம் வகிக்கும் அந்நூல், உயிர்களைக் காக்கும் எண்ணத்தோடு எழுதப்பட்டது.

ஈழநாட்டிலும் இவ்வழியிற் சென்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். கேரளத்திற் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கற்பித்து, 1978 ஆம் ஆண்டில் மறைந்த ஆபிரகாம் கோவூர் என்பவரே அவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் தெய்விக ஆற்றலைக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா வழங்குவதாக 1963 ஆம் ஆண்டில் அவர் அறைகூவல் விடுத்தார். அவருடைய கொள்கைகள் அனைத்தையும் எல்லோரும் ஏற்கவேண்டியதில்லை. எனினும், ‘இது வித்தை’ என்று ஒப்புக்கொள்பவருக்கும், ‘இது என் அருள்’ என்று கூறிப் பணம் பறிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் அறிதல் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். பகடைப் பெட்டியின் இரண்டு கதவுகளையும் திறக்கச் சொல்லிக் கூவிய குழந்தை, வளர்ந்தபின் பிறர் காட்டும் ஒரு கதவோடு நின்றுவிடாது என்று எதிர்பார்க்கலாம் அன்றோ?

இனி, தம் வீட்டுச் சிறாரின் பிறந்தநாளிலே வித்தை காட்ட விரும்பும் தந்தையரும் மாமன்மாரும் கருதவேண்டியவை சில உண்டு. விலையுயர்ந்த சாமான்கள் வேண்டியதில்லை. ஒரு கயிறு, ஒரு கைக்குட்டை, ஒரு நாணயம் போதும். பத்து வித்தைகளை அரைகுறையாகச் செய்வதினும் மூன்று வித்தைகளைச் செம்மையாகச் செய்வது மேல். கண்ணாடியின் முன் நூறு தடவை பழகாத வித்தையைக் குழந்தைகளின் முன் காட்டுதல் கூடாது. அவர்கள் பெரியோரைப் போல் மரியாதைக்காகக் கைதட்டமாட்டார்கள். நெருப்பும் கூரிய கருவிகளும் இவ்விடத்துக்கு உரியனவல்ல. கண்டதைச் செய்துபார்ப்பது குழந்தைகளின் இயல்பு. உதவிக்கு வர விரும்பாத குழந்தையை வற்புறுத்தி அழைத்தல் ஆகாது. வந்த குழந்தையின் பெயரைக் கேட்டு, அப்பெயரைச் சொல்லியே பேசவேண்டும். அக்குழந்தை தன் இருக்கைக்குத் திரும்பும்போது, வந்ததைக் காட்டிலும் ஒரு விரற்கடை உயர்ந்து திரும்பவேண்டும்.

டிக்கன்ஸ் புடிங் சமைத்த தொப்பி அவருடையதன்று. விருந்தினர் ஒருவரிடம் கடனாகப் பெற்றது. முட்டையும் மாவும் அதனுள்ளே வார்க்கப்பட்டபோது தொப்பிக்காரரின் நெஞ்சு பதைத்திருக்கும். வித்தை முடிந்ததும் அழுக்குப் படாத தொப்பியைத் திருப்பிப் பெற்றால் அவரும் சேர்ந்து சிரிப்பார். இவ்வித்தையின் பாதி அழகு அதிலேதான் இருக்கிறது. மேடைக்கு வரும் குழந்தையும் தன் நம்பிக்கையை இவ்வாறே வித்தைக்காரரிடம் சிறிது நேரம் கடன் கொடுக்கிறது. அதனைக் கறைபடாமல் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவரே இக்கலையிற் கைதேர்ந்தவர்.